பெட்டியைக் காத்த காலமும் சாவியைக் காக்கும் காலமும்

இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் 35 எம்.எம். ஃபிலிமில் ஏறக்குறைய 13,500 அடி வரும். பதினாலு, பதினைந்து ரீல். அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, பூட்டி, ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராக அனுப்பினார்கள். ரிலீஸ் அன்று காலை தியேட்டர் வாசலில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: “பெட்டி வந்தாச்சா?” பெட்டிக்குப் பின்னாலேயே விநியோகஸ்தரின் ஆளும் வருவார். டிக்கெட் கணக்கைப் பார்ப்பார், வசூலை எழுதி அனுப்புவார், ஓட்டம் முடிந்ததும் பெட்டியை அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுவார். பெருநகரங்களான ஏ சென்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் சிறிய ஊர்களான பி சென்டருக்கும் சி சென்டருக்கும் போகும். பிரிண்ட் போடும் செலவு அதிகம். அதனால் பிரிண்டுகளும் குறைவு. பெட்டி பத்திரமாக இருந்தால் படமும் பத்திரம்.

இன்று பெட்டி கிடையாது. ஒரு படமோ, ஒரு பாட வகுப்போ, ஒரு கச்சேரியோ சில ஜிபி கோப்பாக எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. காசு கொடுத்தவருக்கு அது ஃபோனில் ஓடுகிறது. காசு கொடுக்காதவருக்கும் அதே கோப்பு, அதே தெளிவோடு, ஒரு லிங்க்காக வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த நாற்பது ஆண்டுகளில் திருட்டும் மாறியது, காவலும் மாறியது. அந்தக் காவல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

டெக் வந்த நாட்கள்

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் கலர் டிவி பரவியது. அதன் பின்னாலேயே வீடியோ டெக்கும் வந்தது. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் டெக்கையும் டிவியையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தார்கள். தெருவே கூடி உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்த்தது. வெளியூர் பஸ்கள் ‘வீடியோ கோச்’ என்று போர்டு மாட்டிக்கொண்டன. படத்தை நகலெடுக்கும் கருவி முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது அப்போதுதான்.

சட்டம் விரைவாகவே விழித்துக்கொண்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தினார்கள். தண்டனை மூன்றாண்டுச் சிறை வரை உயர்ந்தது. ஒவ்வொரு வீடியோ கேசட்டிலும் தணிக்கைச் சான்றிதழின் நகலும், உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மேல்நாட்டில் மேக்ரோவிஷன் என்ற பூட்டு வந்தது. ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு நகலெடுத்தால் நகலில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும், பார்க்கவே முடியாது.

சட்டத்தையும் பூட்டையும் விடப் பெரிய காவல் அந்த டேப்பிலேயே இருந்தது. நகலின் நகலில் நிறம் மங்கும், முகம் கரையும், பாட்டில் இரைச்சல் ஏறும். இரண்டரை மணி நேரப் படத்தை நகலெடுக்க இரண்டரை மணி நேரம் ஆகும். நாலு கை மாறிய கேசட்டில் படம் பார்த்தவருக்கு, தியேட்டரில் போய் நல்லபடியாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிச்சம் இருந்தது. திருட்டு பரவும் வேகத்துக்கும் தூரத்துக்கும் டேப்பே எல்லை போட்டது.

வட்டும் விலையும்

அந்த எல்லையை உடைத்தது விசிடி. அதில் நகல் தடுப்புப் பூட்டு என்று எதுவுமே கிடையாது. ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. கணினியில் போட்டு நகலெடுத்தால் ஆயிரமாவது தட்டும் முதல் தட்டைப் போலவே இருக்கும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவான பர்மா பஜார், ‘புதுப்படம் இருக்கா?’ என்று கேட்டு வாங்கும் இடமாகவும் ஆனது. ஊர்களில் உள்ளூர் கேபிள் சேனல்கள் புதுப்படத்தை அப்படியே ஓட்டின. டிவிடியில் பூட்டு இருந்தது. 1999இல் அதை உடைக்கும் நிரல் இணையத்தில் வெளியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பூட்டு பெயருக்குத்தான்.

தமிழ்நாடு அரசு 2004இல் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது. 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. ஓராண்டு வரை விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கலாம். திருட்டு விசிடி வழக்குகளும் பறிமுதல்களும் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தன. ஆனால் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தட்டு விற்ற சிறு வியாபாரிகள். முதல் நகலை வெளியே கொடுத்தவர் வேறு எங்கோ இருந்தார்.

அந்தக் காலத்தில் உண்மையாகவே மக்களின் பழக்கத்தை அசைத்தது ஒரு விலைக் குறைப்பு. வெற்றுத் தட்டுகள் தயாரித்துவந்த மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. பெட்டிக்கடைகளில்கூட அசல் தட்டு தொங்கியது. திருட்டுத் தட்டுக்கும் அசலுக்கும் விலை வித்தியாசம் சில ரூபாய்தான் என்றானதும், பலர் நல்ல பிரிண்ட்டை வாங்கினார்கள். நியாயமான விலையில், பக்கத்தில், உடனே கிடைத்தால் பெரும்பாலான மக்கள் நேர்வழியில் வாங்குவார்கள் என்பதற்கு நம் கண்முன் நடந்த சாட்சி அது. பழைய படங்களுக்கு மட்டுமே அது பலித்தது என்பது அதன் குறை. புதுப்படம் அப்போதும் தியேட்டரிலோ திருட்டுத் தட்டிலோதான்.

தியேட்டருக்கு வந்த சாவி

2000களின் நடுவில் ஃபிலிம் பெட்டி மறைய ஆரம்பித்தது. சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் தியேட்டர்களுக்குள் வந்தன. படம் பூட்டிய கோப்பாக முன்கூட்டியே வந்துவிடும். ஆனால் ஓடாது. அதைத் திறக்கும் சாவி தனியாக வர வேண்டும். கேடிஎம் என்று தொழிலில் சொல்கிறார்கள். இந்த தியேட்டரின் இந்தக் கருவியில் மட்டும், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை மட்டும் திறக்கும் என்பது அந்தச் சாவியிலேயே எழுதியிருக்கும். பணப் பாக்கியால் காலைக் காட்சி நின்றுபோகும் நாட்களில் இன்று தியேட்டர் வாசலில் கேட்கும் கேள்வி, “கேடிஎம் வந்துருச்சா?”

பெட்டியைத் திருடிப் பயனில்லை என்றானதும் திருடர்கள் கேமராவை நம்பினார்கள். அதற்குப் பதிலடியாக வந்தது கண்ணுக்குத் தெரியாத முத்திரை. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிமுறைப்படி, திரையில் ஓடும் படத்துக்குள்ளேயே எந்தக் கருவி, எந்த நேரம் என்ற குறியீடு கலந்திருக்கும். திருட்டுப் பிரதியில் ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தால்கூட எந்த தியேட்டரில், எந்தக் காட்சியில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். 2018இல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் இப்படிக் கண்டறிந்த தியேட்டர்களுக்குப் புதுப்படம் தருவதில்லை என்று அறிவித்தது.

அதிலிருந்து தெரிந்தது ஒரு கசப்பான உண்மை. வெளியாள் பூட்டை உடைத்து வந்த கசிவுகளைவிட, உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டதால் வந்த கசிவுகள் பெரிது. வேலியே பயிரை மேய்ந்தது. 2015இல் மலையாளப் படம் ‘பிரேமம்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தணிக்கைக்குக் கொடுத்த பிரதி என்ற எழுத்து திரையில் தெரிய, இணையத்தில் சுற்றியது. பெட்டிக் காலத்தில் காவலுக்கு ஒருவர் இருந்தார். டிஜிட்டல் காலத்தில் எடிட்டிங் அறை, ஒலிக்கலவை, கிராஃபிக்ஸ், சப்டைட்டில், தணிக்கை, விளம்பரம் என்று கோப்பு போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கதவு. இன்று கவனமான தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் பதிந்த தனிப்பிரதிதான் அனுப்புகிறார்கள்.

அசோக் குமார் மீது வழக்கு

முகம் தெரியாத திருடர் மீது வழக்குப் போட அமெரிக்காவில் ‘ஜான் டோ’ என்று எழுதுவார்கள். இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பெயர் ‘அசோக் குமார்’. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி ஓர் உத்தரவு வாங்கினார்கள். இணையச் சேவை நிறுவனங்கள் பயந்துபோய் விமியோ போன்ற முழுத் தளங்களையே முடக்கின. ஒரு படத்துக்காக, சொந்தப் படைப்பை அங்கே வைத்திருந்தவர்களின் கதவும் சாத்தப்பட்டது. திருட்டு இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் முடக்கினால் போதும் என்று சில வாரங்களில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

2018 நவம்பரில் ‘2.0’ வெளியாவதற்கு முன் 12,000க்கும் மேற்பட்ட தள முகவரிகளை முடக்கச் சொல்லி அதே நீதிமன்றம் 37 சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. படம் வந்த அன்றே கசிந்தது. ஒரு முகவரியை அடைத்தால் கடைசி மூன்று எழுத்தை மாற்றிக்கொண்டு இன்னொன்று முளைக்கும். அதனால் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் புதிதாக முளைக்கும் கண்ணாடித் தளங்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டம், தியேட்டரில் படம்பிடிப்பதற்கும் அதைப் பரப்புவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு தனி அதிகாரிகளை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் திருட்டுப் படத்தை நீக்க ஏற்பாடு செய்தது. சினிமாவுக்கு ஒரு வழியாக வாசல் திறந்தது.

ஓடிடியின் பூட்டு

2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஹெச் வழியாக நேரே வீட்டுக்குக் கொண்டுவரக் கமல் ஹாசன் முயன்றபோது தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2015இல் சேரன் தன் படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீடு தேடிக் கொண்டுவந்தார்; அதுவும் நிலைக்கவில்லை. 2020 மே மாதம், ஊரடங்கில் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. வீட்டுக்கே வரும் புதுப்படம் அன்றிலிருந்து வழக்கமானது.

ஓடிடியில் படம் சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பூட்டப்பட்டு வருகிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் வைட்வைன், ஆப்பிளில் ஃபேர்பிளே, விண்டோஸில் பிளேரெடி என்று பூட்டுக்கு மூன்று பெயர். சாவி தனி சர்வரிலிருந்து வரும். உயர்ந்த பாதுகாப்பு உள்ள ஃபோனில் அது சிப்புக்குள் தனியே ஒதுக்கிய பகுதிக்குப் போய்விடும். மற்ற செயலிகளின் கண்ணில் படாது. பூட்டைத் திறப்பதும் அந்தப் பகுதிக்குள்ளேயே நடப்பதால்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருகிறது.

மென்பொருள் மட்டத்தில் மட்டும் இயங்கும் கீழ்நிலைப் பூட்டை 2019இல் ஓர் ஆய்வாளர் உடைத்துக் காட்டினார். அந்த நிலையில் உள்ள ஃபோன்களுக்கு ஓடிடிகள் மங்கலான படத்தையே தருகின்றன. முழுக் கட்டணம் கட்டியவருக்கு ஃபோனின் பூட்டு சரியில்லை என்று தெளிவில்லாத படம். காசே கட்டாதவருக்கு பூட்டை உடைத்தெடுத்த தெளிவான பிரதி. பூட்டின் சுமையை நேர்மையானவர் மட்டும் சுமக்கிறார் என்பது இந்த முறையின் பெரிய அநியாயம். எந்தப் பூட்டாலும் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு: திரையில் தெரிவதை எதிரே ஒரு கேமராவை வைத்துப் பிடிப்பது.

ஆகவே காவல் இப்போது ஆளின் அடையாளத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இரண்டு வடிவங்களைச் செய்து, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வேறு வேறு வரிசையில் அனுப்புகிறார்கள். வெளியே வந்த பிரதியில் அந்த வரிசையைப் படித்தால் எந்தக் கணக்கிலிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். கடவுச்சொல் பகிர்விலும் இதே மாற்றம். 2017இல் கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதிய நெட்ஃபிளிக்ஸ், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பிறர் கணக்கில் பார்ப்பதாக 2022இல் கணக்குச் சொன்னது. 2023 ஜூலையில் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்றது. 2025 ஜனவரியில் பிரைமும் ஐந்து கருவிகள், அவற்றில் இரண்டு டிவி என்று எல்லை போட்டது. இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் கெடுபிடிக்கு முன்பே, 2021 டிசம்பரில், மொபைல் சந்தாவை 149 ரூபாய்க்கு இறக்கியிருந்தது. மோசர் பேயர் காட்டிய பாடம் அங்கேயும் வேலை செய்தது.

வெட்டவெளியில் நிற்பவர்கள்

இவ்வளவும் பெரிய கைகளுக்கு. இனி சிறிய கைகளைப் பார்ப்போம். 2020க்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் தங்கள் கையில் இருக்கும் வித்தையை வீடியோவாக விற்கத் தொடங்கினார்கள். ஆரி வேலை, தையல், கேக், கர்நாடக இசை, நீட், டிஎன்பிஎஸ்சி. வீட்டில் ஓர் அறை, ஒரு ரிங் லைட், ஒரு ஃபோன். மாதக்கணக்கில் பாடம் எழுதி, பேசி, எடிட் செய்து, சில நூறு ரூபாய்க்குக் கொடுப்பவர்கள். அவர்களில் பலர் பாடத்தை வாட்ஸ்அப் குழுவிலோ, கூகுள் டிரைவிலோ, யூடியூபில் பட்டியலிடாத லிங்க்காகவோ அனுப்புகிறார்கள். இவை எதுவும் பூட்டே அல்ல. லிங்க் கையில் இருக்கும் எவருக்கும் அது திறக்கும். இரண்டு ஜிபி கோப்பையும் அப்படியே சுமக்கும் டெலிகிராம் சேனலில் மொத்தப் பாடமும் ஏறிவிடுகிறது.

டெல்லியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்தும் நீத்து சிங் என்ற ஆசிரியைக்கு நடந்தது இதுதான். அவருடைய பாடங்களை டெலிகிராமில் பரப்பினார்கள். புகார் கொடுத்தால் ஒரு சேனல் போகும், வேறு பெயரில் இன்னொன்று வரும். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டப்படி விவரம் தர முடியாது என்று டெலிகிராம் வாதாடியது. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்காமல், சேனல் நடத்துபவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி முதலியவற்றைக் கொடுக்கச் சொன்னது. டெலிகிராமும் கொடுத்தது. ஓர் ஆசிரியை பெற்ற பெரிய வெற்றி அது. ஆனால் அந்த வெற்றிக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சேலத்திலோ சிவகாசியிலோ ஆரி வகுப்பு நடத்தும் பெண் அவ்வளவு தூரம் போவாரா?

அவர் கையில் இருப்பவை சில. லிங்க்கை மாணவரின் லாகினோடு கட்டி, சில மணி நேரத்தில் காலாவதியாக விடலாம். ஒரு கணக்கு இரண்டு கருவிகளில் மட்டும், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் ஓடும்படி வைக்கலாம். பார்ப்பவரின் ஃபோன் எண் திரையில் மங்கலாக நகர்ந்துகொண்டே இருக்கச் செய்யலாம். தன் எண்ணோடு வீடியோ ஊர் சுற்றுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். முக்கியமான பாடங்களுக்கு மட்டும் வைட்வைன் பூட்டு தரும் சேவையை மாத வாடகைக்கு எடுக்கலாம். பாடத்தின் மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் படைத்த அந்தக் கணமே பதிப்புரிமை அவருடையது. 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி எழுத்தில் முறையாகப் புகார் கொடுத்தால், தளம் 36 மணி நேரத்துக்குள் அதை நீக்கி 21 நாள் வரை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதே 2012 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

எல்லாவற்றையும் விட உறுதியான காவல், நகலெடுக்க முடியாததைக் கொடுப்பது. மாணவி அனுப்பிய ஆரித் தையலைப் பார்த்து எந்த இடத்தில் நூல் தளர்ந்தது என்று சொல்வது, மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்தித் தருவது, ஞாயிற்றுக்கிழமை நேரலையில் சந்தேகம் தீர்ப்பது. டெலிகிராம் சேனலால் இவற்றைத் திருட முடியாது. பல ஆசிரியர்கள் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டு, வீடியோவுக்கு விலை குறைத்து, வழிகாட்டுதலுக்கு விலை வைக்கிறார்கள்.

இனி வேண்டியது

பெட்டிக் காலத்தில் காவல் கொஞ்சம் பேர் கையில் இருந்தது: விநியோகஸ்தர், தியேட்டர்காரர், ஆபரேட்டர். இன்று சாவி கோடிக்கணக்கான சந்தாதாரர் கையில். ஆகவே காவலும் அவர்கள் கையில்தான். இதைப் பெரிய நிறுவனங்கள் புரிந்துகொண்டு விலையைச் சரிசெய்தன, அடையாளத்தைப் பதித்தன, சட்டத்தின் துணையைப் பெற்றன. சிறிய படைப்பாளிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. சினிமாவுக்குத் திறந்த 48 மணி நேர வாசலைக் காசுக்குப் பாடம் விற்கும் ஆசிரியருக்கும் திறந்துவிட வேண்டும். வக்கீல் வைக்காமல் தமிழில் புகார் கொடுக்கவும், நீக்கிய கோப்பு வேறு பெயரில் மறுபடி ஏறினால் தளமே அதைத் தடுக்கவும் விதி வேண்டும். கோப்பை அடையாளம் கண்டு தானே தடுக்கும் நுட்பம் யூடியூபில் 2007 முதல் இருக்கிறது. மற்ற தளங்கள் முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. ஓசியில் ஒரு பாடத்தை அனுப்புபவர் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. நண்பனுக்கு உதவி என்றே நினைக்கிறார். அந்த உதவிக்கான விலையை, தன் அறையில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை உருவாக்கியவர் கட்டுகிறார். அடுத்த முறை குழுவில் யாராவது “அந்தக் கோர்ஸ் லிங்க் இருக்கா?” என்று கேட்டால், வகுப்பு நடத்துபவரின் எண்ணைக் கொடுத்து, “அவங்ககிட்டயே கேளு, கஷ்டம்னா குறைச்சுக் கொடுப்பாங்க” என்று சொல்லுங்கள். பலர் உண்மையிலேயே குறைத்துக் கொடுக்கிறார்கள். அடுத்த பாடத்தை அவர் எடுப்பாரா, கடையை மூடிவிடுவாரா என்பதை முடிவு செய்வது அப்படி வந்து சேரும் ஒவ்வொரு மாணவரும்தான்.